கயிற்றின் மறுமுனையில்

2015ஆம் ஆண்டு மே திங்களில், இயக்குநர் எஸ். பி. ஜனநாதனின் 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்னும் திரைப்படம் வெளிவந்தது. 2021இல் மறைந்த அவ்வியக்குநர் தம் அரசியல் நம்பிக்கையை ஒளித்துவைத்துப் படம் எடுத்தவர் அல்லர். அவர் பொதுவுடமைவாதி என்பது அவருடைய எந்தப் படத்திலும் வெளிப்படையாகவே தெரியும். திரைப்படம் என்றாலே முகம் சுளிக்கும் நம்முள் சிலர், மார்க்சியம் பேசும் திரைப்படம் என்றதும் இதழைப் புரட்டி அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடக்கூடும். அவர்களைச் சற்றே பொறுத்திருக்குமாறு வேண்டுகிறோம். இப்படம் எழுப்பும் வினா, கட்சி சார்ந்த வினா அன்று. குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட ஒருவனை, எல்லாம் முடிந்தபின், கைகளைக் கட்டி நிற்கவைத்து, நாள் குறித்து, மணி குறித்துக் கொல்லும் உரிமை எவருக்கேனும் உண்டா என்பதே அது.

கதையில் மூன்று ஆண்கள் நிற்கின்றனர். பாலு (ஆர்யா) என்பவன் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட புரட்சிக்காரன். மெக்காலே (ஷாம்) என்பவன் அத்தண்டனையைப் பிழையின்றி நிறைவேற்றப் பொறுப்பேற்ற அதிகாரி. யமலிங்கம் (விஜய் சேதுபதி) என்பவன் தூக்குப் போடும் தொழிலாளி. முன்பு செய்த ஒரு காரியத்தின் நினைவைக் குடியில் கரைக்க முயன்று தோற்றுக்கொண்டிருப்பவன். இவர்களுக்கிடையே பாலுவின் தோழி குயிலி (கார்த்திகா) அவனைச் சிறைமீட்க வழி தேடுகிறாள். அதிகாரிக்கும் யமலிங்கம் வேண்டும். தோழிக்கும் யமலிங்கம் வேண்டும். அவன் கை இன்றி ஒருவனைக் கொல்லவும் இயலாது, அவன் துணையின்றி ஒருவனைக் காக்கவும் இயலாது. படத்தின் முடிவை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.

பெயர்களைக் கவனியுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை 1837இல் உருவாக்கிய ஆணையத்திற்குத் தலைவராயிருந்தவர் மெக்காலே பிரபு. அவர் வரைந்தது 1860இல் சட்டமாகி, 2024 ஜூன் இறுதிவரை நம்மை ஆண்டது. அப்பெயரை ஒரு தமிழ் அதிகாரிக்குச் சூட்டியதில் இயக்குநரின் குறும்பு தெரிகிறது. ஆயினும் அந்த மெக்காலேயை அவர் கொடியவனாகப் படைக்கவில்லை. சட்டத்தை மெய்யாகவே நம்புகிறவன் அவன். கொடியவன் கையில் உள்ள கயிற்றை வெறுப்பது எளிது. கடமை தவறாத, கையூட்டு வாங்காத, நேர்மையான ஒருவனின் கையில் அது இருக்கும்போதுதான் நம் சிந்தனைக்கு வேலை வருகிறது.

படத்தின் இதயம், நம் கருத்தில், பாலு அல்லன், யமலிங்கமே. புரட்சிக்காரன் வீர உரை நிகழ்த்துகிறான். அதிகாரி சட்டம் பேசுகிறான். இருவருக்கும் சொல்வதற்குக் கொள்கை இருக்கிறது. தூக்குப் போடுகிறவனுக்கோ கொள்கை ஏதும் இல்லை. அவனுக்கு உள்ளது கை மட்டுமே. அந்தக் கை நடுங்குகிறது.

இந்த நடுக்கம் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நினைவுகூர்வோம். பாண்டியன் ஆராயாது ஆணையிட்டுவிடுகிறான். பொற்கொல்லன் காவலர்களை அழைத்துக்கொண்டு கோவலன் இருக்குமிடம் சேர்கிறான். ஆனால் வந்தவர்களுக்கே மனம் ஒப்பவில்லை. இவன் முகத்தில் களவுக்குறி இல்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வர்களின் மந்திர தந்திரங்களைப் பற்றி ஒரு நீண்ட பாடமே நடத்தவேண்டியிருக்கிறது. அதன்பின்னும் வாளை வீசியவன் யார்? தெளிந்த அறிவோடிருந்த காவலர் எவரும் அல்லர்; கல்வியறிவற்ற ஒரு குடிகாரன். நீதியின் பெயரால் நடந்த அக்கொலையைச் செய்து முடிக்கக் குடிவெறி தேவைப்பட்டது என்பதை இளங்கோவடிகள் போகிறபோக்கில் குறித்துவிட்டுச் செல்கிறார். யமலிங்கத்தின் கையிலுள்ள குப்பியைப் பார்த்தபோது நமக்கு அந்தக் களிமகனே நினைவுக்கு வந்தான்.

திருவிதாங்கூர் மன்னராட்சியில் நிலவியதாகச் சொல்லப்படும் ஒரு வழக்கத்தை அடூர் கோபாலகிருஷ்ணன் தம் 'நிழல்குத்து' (2002) என்னும் மலையாளப் படத்தில் காட்டியிருக்கிறார். தூக்குத் தண்டனையை மன்னர் உறுதி செய்வார். பின்னர் மன்னிப்பு ஆணையும் அவரிடமிருந்தே புறப்படும். ஆனால் அது சிறைக்கு வந்து சேர்வது தூக்குப் போட்டு முடிந்தபின்! கொலைப்பழி மன்னரைச் சேராது. தூக்கிட்டவன் தலையிலேயே தங்கிவிடும். அவனுக்கு ஊதியமும் நிலமும் உண்டு. தூக்குக் கயிற்றின் துண்டை எரித்த சாம்பலை நோய் தீர்க்கும் மருந்தாக மக்கள் அவனிடம் வாங்கிச் செல்வதும் உண்டு. ஆனாலும் அவனுடைய இரவுகளில் உறக்கம் இல்லை. காலம் தாழ்ந்து வந்து சேரும் அந்த மன்னிப்பு ஆணையைவிட நேர்த்தியான பாசாங்கு ஒன்றை நாம் அறியோம். பிலாத்து கை கழுவிய நீர்கூட நேரத்தோடு வந்துசேர்ந்தது.

பிறரைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்புவோம். திருத்தந்தையரின் ஆட்சிக்குட்பட்டிருந்த நாட்டில் 1796 முதல் 1864 வரை ஒருவர் இப்பணியைச் செய்தார். 'மாஸ்த்ரோ தித்தா' என மக்கள் அழைத்த அவர் கையால் உயிரிழந்தோர் 516 பேர். மற்ற நாள்களில் குடைகளுக்கு வண்ணம் தீட்டி விற்று வாழ்ந்தவர். உரோமை நகரின் ஆற்றுக்கு அப்பால் அவர் இல்லம். தண்டனை நிறைவேற்றும் நாளன்றி அவர் பாலத்தைக் கடந்து நகருக்குள் வரக்கூடாது. அவர் பாலத்தைக் கடந்தால் இன்று ஒரு தலை உருளும் என மக்கள் புரிந்துகொள்வர். நீதிக்கு இன்றியமையாத பணி என்று ஒப்புக்கொண்ட சமுதாயம், அதைச் செய்தவரைத் தன் தெருவில் நடக்கவிட மறுத்தது. தண்டனை நியாயமானதெனில் அதைச் செய்தவர் ஏன் தீண்டத்தகாதவர் ஆனார்? நீதிபதியோடு அமர்ந்து உணவுண்ண நாம் தயங்குவதில்லை. கயிற்றை இழுத்தவரோடு உண்ணத் தயங்குகிறோம். அறிவு ஏற்றுக்கொண்ட ஒன்றை உள்ளம் ஏற்க மறுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமா?

'புறம்போக்கு' என்ற சொல்லும் இங்கே பொருள் பெறுகிறது. வரிவிதிப்புக் கணக்கிற்கு வெளியே நிற்கும் நிலம் அது. ஏரிக்கரை, மேய்ச்சல் தரை, சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் புறம்போக்கே. எவருக்கும் பட்டா இல்லாததால் எல்லாருக்கும் உரியது. சென்னையில் அதுவே வசைச்சொல்லும் ஆகிவிட்டது. பொதுவானதை இழிவானதாகக் கருதப் பழகிவிட்ட மனத்தின் வெளிப்பாடு அது போலும். மண்ணின் பயன் மாந்தர் எல்லாருக்கும் பொதுவானது என்பதைத் திருச்சபைத் தந்தையர் காலந்தொட்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை நம் போதனையும் சொல்லிவந்திருக்கிறது என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுவது தகும். நம் ஆண்டவர் அறையப்பட்ட மேடும் நகர வாயிலுக்கு வெளியே இருந்ததுதானே!

இனி எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு நோக்குவோம். வலுவற்றவர்கள் சொன்ன வாதம் அன்று அது. திருவள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில், கொடியோரை அரசன் ஒறுப்பது உழவன் பயிரிடையே களை எடுப்பதற்கு ஒப்பானது என்கிறார். அவ்வொறுத்தல் கொலையாலே நிகழ்வது என்றே பரிமேலழகர் உரை காண்கிறார். கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த அதே வள்ளுவர்தாம் இதையும் சொன்னார். நம் திருச்சபையின் பேரறிஞராகிய புனித தோமா அக்குவினாவோ, உடல் நலம் கருதி அழுகிய உறுப்பை மருத்துவர் வெட்டுவதைப்போல, சமுதாயத்தின் நலம் கருதிக் கொடிய குற்றவாளியை நீக்குவது தகும் என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதினார். ஒருவருக்குக் களை, மற்றவருக்கு உறுப்பு. இரு பேரறிவாளர்கள் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்திருப்பதைப் புறந்தள்ளுவது எளிதன்று.

ஆயினும் இரண்டும் உவமைகளே. உவமையில் ஓர் இக்கட்டு உண்டு: அது எதை விட்டுவிடுகிறது என்பதைச் சொல்லாது. களைக்கு உள்ளம் இல்லை. அது நாளை நெல்லாக மாறப்போவதில்லை. வெட்டப்பட்ட விரலுக்குத் தாய் இல்லை. அது திரும்பி மருத்துவரிடம், "நான் செய்தது தவறு" எனக் கூறாது. மனிதன் கூறக்கூடியவன். அவன் கூறாதிருக்கலாம்; பலர் கடைசிவரை கூறாமலே போவதும் உண்டு. ஆனால் கூறக்கூடும் என்ற அந்த வாய்ப்பே அவனைக் களையிலிருந்து வேறாக்குகிறது. கயிறு அந்த வாய்ப்பை அறுக்கிறது. இதற்கும் மேலாக, களைகளைப் பற்றி நம்மிடம் வேறோர் உவமையும் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியில் பணியாளர்கள் களையைப் பறித்துவிடத் துடிக்கின்றனர், நிலக்கிழாரோ தடுத்துவிடுகிறார். பறிப்பவர்களின் கை கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடும் என்பதே அவர் அச்சம். பொன்வாய்ப் புனிதர் எனப் போற்றப்படும் யோவான் கிறிசோஸ்தோம், தவறான கொள்கையினரைக் கொல்லலாகாது என்பதற்கு இவ்வுவமையையே ஆதாரமாக்கினார்.

கோதுமையைப் பிடுங்கிய கைகளை நாமே கண்டிருக்கிறோம். இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, மற்ற 19 பேரை விடுவித்தது. ஓராண்டுக்கும் மேலாக அந்தப் பத்தொன்பது பேர் சட்டத்தின் கண்ணில் கொல்லத்தக்கவர்கள். ஒரு காலைப்பொழுதில் வீடு திரும்பத்தக்கவர்கள் ஆயினர். எஞ்சியவர்களுள் பேரறிவாளனின் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த காவல்துறை அதிகாரியே, அவர் கூறியதில் ஒரு முக்கியப் பகுதியைத் தாம் பதியாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். மின்கலங்கள் எதற்காக வாங்கப்பட்டன என்பது தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியிருந்த பகுதி அது. அவரைத் தூக்கிலிட 2011 செப்டம்பர் 9 எனத் தேதியும் குறித்தாகிவிட்டிருந்தது. உயர்நீதிமன்றத்தின் தடை மட்டும் வந்திராவிட்டால், அதிகாரியின் மனச்சான்று பேசத் தொடங்கியபோது கேட்பதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இன்னொரு வழக்கையும் குறிப்பிட வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் ஒரே குற்றத்திற்காக, ஏறத்தாழ ஒரே பங்குடைய மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவரது மனு தள்ளுபடியாகி 1981இல் அவர் தூக்கிலிடப்பட்டார். வேறொரு அமர்வின் முன் சென்ற இன்னொருவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மூன்றாமவர் தூக்குமேடைக்குச் செல்லும் தறுவாயில் இந்த முரண்பாடு உச்ச நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்து, தண்டனை நிறுத்தப்பட்டது. 'அரிதினும் அரிதான' வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை என்று உச்ச நீதிமன்றம் 1980இல் வகுத்த அளவுகோல், எந்த நீதிபதியின் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நீளும், சுருங்கும் என்று நீதிபதி பி. என். பகவதி தம் மாறுபட்ட தீர்ப்பில் வாதிட்டதற்கு இதனினும் மெய்ப்பு வேண்டியதில்லை.

இப்போது நாம் படத்தோடு சற்றே வழக்காட வேண்டியிருக்கிறது. பாலு அழகானவன். அறிவாளி, தனக்கென எதையும் வேண்டாதவன். அவன் சாகக்கூடாது என்று அரங்கமே விரும்புகிறது. விரும்பச் செய்வது திரைக்கலையின் திறம். நாம் குறை கூறவில்லை. ஆனால் அவனுடைய மேன்மையைக் கண்டு தூக்குத் தண்டனையை வெறுக்கிறவர், மேன்மையற்றவன் அம்மேடையில் நிற்கும்போது என்ன செய்வார்? தமிழ்நாட்டில் அவ்வினாவிற்கு ஒரு பெயர் உண்டு. ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர், 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்காக எந்த ஊர்வலமும் திரண்டு நாடு குலுங்கவில்லை. அவரிடம் இலட்சியம் என்று எதுவும் இல்லை.

அதற்கு ஏறத்தாழ ஒரு திங்களுக்கு முன், மார்ச் 25 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். குற்றவாளியைக் கொன்றே தீரவேண்டிய நிலை இக்காலத்தில் மிக அரிது, ஏறக்குறைய இல்லவே இல்லை என்பது அதன் போதனை. கொலைகாரனும் தன் மனித மாண்பை இழந்துவிடுவதில்லை என்பதைக் காயினின் கதையைக் கொண்டு அது விளக்கியது. ஆபேலைக் கொன்றவன்மேல் கடவுள் இட்ட அடையாளம், அவனைக் கண்டவர் எவரும் கொல்லாதிருக்கவே இடப்பட்டது. அம்மடல் வந்த சில வாரங்களில், உயிர்ப்பு ஞாயிறு கழிந்த 11ஆம் நாளில், நம் சேலத்தில் அத்தூக்கு நிகழ்ந்தது. நம் பங்குகளில் அன்று இதைப்பற்றிப் பெரிதாகப் பேச்சு எழுந்ததாக நமக்கு நினைவில்லை. அந்தக் குற்றங்களின் கொடுமை நம் வாயை அடைத்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

திருச்சபையின் குரல் இதில் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் குருக்களுள் ஒருவரைக் கொன்று மற்றொருவரை முடமாக்கிய தொனாத்துக் கொள்கையினருக்கு மரண தண்டனை வேண்டாம் என்று புனித அகுஸ்தீனார் உரோமை அதிகாரிக்கு எழுதி மன்றாடினார். 866இல் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், புதிதாகத் திருமறை தழுவிய பல்காரியருக்கு, குற்றமற்றவரை மட்டுமன்றிக் குற்றமுள்ளவரையும் சாவினின்று காக்குமாறு அறிவுறுத்தினார். இடையிலே நீண்ட இருள். மாஸ்த்ரோ தித்தாவின் கோடரியும் கயிறும் அந்த இருளுக்கு உரியவை. வத்திக்கான் நாட்டின் சட்டத்திலிருந்து மரண தண்டனையைத் திருத்தந்தை ஆறாம் பவுல் நீக்கியது 1969இல்தான். மறைக்கல்வி ஏட்டைத் திருத்தி, இத்தண்டனை எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று என மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் எழுதுவித்தார். நம் இல்லங்களில் பழைய பதிப்பு வைத்திருப்போர் 2267ஆம் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனிப் புரட்சிக்கு வருவோம். 1931 மார்ச் 23 அன்று மாலை, இலாகூர் சிறையில் பகத் சிங், சுகதேவ், இராஜகுரு மூவரும் தூக்கிலிடப்பட்டனர். மறுநாள் காலைக்கெனக் குறித்திருந்ததை அஞ்சி முன்கூட்டியே முடித்தனர் ஆங்கிலேயர். கருணை கேட்கவில்லை அவர்கள்; போர்க் கைதிகளாகிய தங்களைத் தூக்கிலிடாமல் துப்பாக்கியால் சுடுமாறு பஞ்சாப் ஆளுநருக்கு எழுதினர். அடுத்த வாரமே 'குடி அரசு' இதழில் பெரியார் அவர்களைப் போற்றித் தலையங்கம் எழுதினார். பகத் சிங்கின் நாத்திக நூலை ப. ஜீவானந்தம் தமிழில் பெயர்த்தார். தமிழ்த் திரையின் பாலுவின் பின்னே அந்த இருபத்து மூன்று வயது இளைஞனின் நிழல் நீண்டு கிடக்கிறது. நம் மண்ணிலும் அத்தகையோர் உண்டு. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். விடுதலை பெற்ற இந்தியாவிலும், நெருக்கடிநிலைக் காலத்தில், 1975 டிசம்பர் 1 அன்று, பூமையா, கிஷ்டா கௌடு என்னும் உழவர் இருவர் ஐதராபாத்தின் முஷீராபாத் சிறையில் தூக்கிலேற்றப்பட்டனர்.

இவர்களின் தியாகத்தின்முன் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் ஒரு பெயரைக் கேட்க அனுமதியுங்கள்: சனன் சிங். எத்தனை பேருக்குத் தெரியும்? 1928 டிசம்பர் 17 அன்று இலாகூரில் சாண்டர்ஸ் என்னும் அதிகாரியைப் பகத் சிங்கும் தோழர்களும் சுட்டனர். அவர்கள் குறிவைத்தது வேறோர் அதிகாரியை, ஆள் மாறிப்போயிற்று. தப்பியோடியவர்களைத் துரத்திய தலைமைக் காவலர் சனன் சிங்கும் சுடப்பட்டு இறந்தார். வெள்ளையர் அல்லர், ஆளுநர் அல்லர், ஊதியத்திற்கு உழைத்த ஓர் இந்தியர். அவருக்குச் சிலை இல்லை. மக்களுக்காக ஒருவன் மடிவது நலம் என்ற கணக்கைக் கயபா தலைமைச் சங்கத்தில் போட்டுக் காட்டினான். அரசு தன் தூக்குமேடையில் போடுவதும் அதே கணக்குதான். புரட்சி தன் குண்டில் போடுவதும் வேறன்று. தொகைகள் மாறலாம், கணக்கின் முறை மாறுவதில்லை.

வரலாறு இதை வேதனையோடு மெய்ப்பிக்கிறது. பிரெஞ்சு அவையில் 1791 மே மாதத்தில் மரண தண்டனையை ஒழிக்க வேண்டுமென்று முழங்கியவர் உரோபெஸ்பியர். அடுத்த ஆண்டின் இறுதியில், நாடு வாழ மன்னன் சாகவேண்டும் என வாதிட்டவரும் அவரே. பின்னர் எத்தனை தலைகள்! இறுதியில் அவர் தலையும்! 1917இல் போர்முனையில் மரண தண்டனையை நீக்கிய சோவியத்துகள், மறு ஆண்டே அதை மீட்டனர். தங்களைக் கொன்ற கருவியை உடைக்க எழுந்தவர்கள், ஆட்சி கைக்கு வந்ததும் அதைத் துடைத்து எண்ணெய் இட்டு வைத்துக்கொண்டனர். பாலு வென்று ஆட்சி அமைத்திருந்தால் யமலிங்கத்திற்கு வேலை போயிருக்குமா? படம் இவ்வினாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது இன்னும் பெரிய படமாக இருந்திருக்கும்.

அடக்குமுறைக்கு எதிராக எழும் சினத்தைத் திருச்சபை அறியாததன்று. நெடுங்காலக் கொடுங்கோன்மை மக்களின் அடிப்படை உரிமைகளை நசுக்கும் நிலையைத் தனித்துக் குறிப்பிட்டே, திருத்தந்தை ஆறாம் பவுல் 1967ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் புரட்சி வன்முறையைப்பற்றி எச்சரித்தார். நற்செய்தியிலும் கலகக்காரர்கள் நமக்கு அயலார் அல்லர். பன்னிரு திருத்தூதருள் ஒருவரைத் தமிழ் விவிலியம் தீவிரவாதி என்ற அடைமொழியோடே அழைக்கிறது; ஞாயிறு வாசகத்தில் கேட்டும் நாம் திடுக்கிடுவதில்லை! பரபா கலகத்தில் கொலை செய்தவர்களோடு சிறையிலிருந்தவன். ஆண்டவருக்கு இருபுறமும் தொங்கியவர்களைக் 'கள்வர்' எனப் படித்துப் பழகிவிட்டோம்; அங்குள்ள கிரேக்கச் சொல்லை அக்கால வரலாற்றாசிரியர் யோசேப்பு உரோமையரை எதிர்த்த ஆயுதக் குழுவினருக்கும் வழங்குகிறார். அவர்களுள் ஒருவர் தாம் பெற்ற தண்டனை நியாயமானது என்றே ஒப்புக்கொண்டார். அவருக்கு விண்ணக வாக்குறுதி கிடைத்தது, அவர் குற்றமற்றவர் என்பதற்காக அன்று.

இவ்வளவும் எழுதும்போது ஒரு கேள்வி நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொலையுண்டவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதைப் படித்துக் காட்ட நமக்குத் துணிவு உண்டா? மகளை இழந்த தாயிடம் காயினின் அடையாளத்தைப்பற்றிப் பேசலாமா? பேசக்கூடாது என்றே நினைக்கிறோம். மன்னிக்கும்படி அவரை வற்புறுத்தும் உரிமை நமக்கு இல்லை. மன்னிப்பு அவர் கொடுத்தால் கொடை, கொடாவிட்டால் குற்றமன்று. ஆனால் அவரது கண்ணீரை எடுத்துக்கொண்டு போய்த் தூக்குமேடைக்குக் கால்கோள் நாட்டும் உரிமையும் அரசுக்கு இல்லை. 2000ஆம் ஆண்டில் நளினியின் மரண தண்டனை ஆயுளாகக் குறைந்ததற்குக் கொலையுண்டவரின் மனைவியாகிய சோனியா காந்தி காட்டிய இரக்கமும் ஒரு காரணம். அதே வழக்கின் மற்ற மூவரைக் காக்க வேண்டி 2011 ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்னும் இளம்பெண் தீக்குளித்து மாண்டார். ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிர் எரிந்ததை நாம் போற்றிப் பாட மாட்டோம்; அப்பிள்ளை உயிரோடிருந்திருக்க வேண்டும். எனினும் இரண்டு நாள் கழித்துத் தமிழகச் சட்டமன்றம் அம்மூவரின் தண்டனையைக் குறைக்குமாறு தீர்மானம் நிறைவேற்றியபோது, அந்நெருப்பின் வெப்பம் அவையிலும் இருந்திருக்க வேண்டும்.

படம் வெளிவந்த 2015ஆம் ஆண்டிலேயே, ஜூலை 30 அன்று, நாகபுரிச் சிறையில் யாகூப் மேமன் தூக்கிலிடப்பட்டார். ஒரு திங்கள் கழித்து, நீதிபதி ஏ. பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 262ஆம் அறிக்கையில், பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டிற்கு எதிரான போரும் தவிர்த்த ஏனையவற்றில் மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையின்படியும் பாலுவுக்குக் கயிறு உண்டு என்பது கவனிக்கத்தக்கது. பரிந்துரை ஏட்டளவில் நின்றது. 2024 ஜூலை 1 அன்று மெக்காலேயின் சட்டத்திற்கு விடைகொடுத்து நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் மரண தண்டனை தொடர்கிறது. கும்பலாகக் கூடிச் செய்யும் கொலைகளுக்கென அது புதிதாகவும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

2020 மார்ச் 20 அன்று விடியற்காலையில் தில்லி திகார் சிறையில் நால்வர் ஒருசேரத் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் செய்த கொடுமையை நாடே அறியும். நூற்றுக்கணக்கான அதிகாரிகளும் காவலர்களும் பணிபுரியும் அப்பெருஞ்சிறையில், விசையை இழுக்க ஒருவர் இல்லை. மாநில எல்லை கடந்து, உத்தரப்பிரதேசத்தின் மீரட்டிலிருந்து ஆள் வரவழைக்கப்பட்டார்.